தீட்டும் மருந்தும்: திருவண்ணாமலை வரலாறு தரும் பாடம்

1905-ஆம் ஆண்டில் திருவண்ணாமலையில் பிளேக் நோய் பரவியபோது நகர மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினர். ரமணர் அந்நாட்களில் பச்சையம்மன் கோயிலில் தங்கினார் என்று அவர் வரலாறு கூறும். ஆயின் வெளியேறுதற்கும் ஓர் இடம் வேண்டும். நிலமும் வசதியுள்ள உறவினரும் உடையவனுக்கு அது கிட்டும். சேரியிற் பிறந்த கூலியாளுக்கு எங்கே கிட்டும்? கிருமி சாதி பாராது. தப்பும் வழியோ சாதி பார்த்தே திறக்கிறது.

முந்திய நூற்றாண்டும் இதற்குச் சான்று பகரும். அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் ஒருவர் கையிலிருந்து அம்மைப்பால் எடுத்து மற்றவருக்குக் குத்துவது வழக்கம். தாழ்த்தப்பட்ட குழந்தையின் கையிலிருந்து எடுத்ததை உயர்சாதியினர் பலர் ஏற்க மறுத்தனர். உயிர் காக்கும் மருந்தும் அவர்களுக்குத் தீட்டாயிற்று.

1939-இல் இம்மாகாணத்தில் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று ஆலயப் பிரவேசத்திற்கு வழிசெய்தது. மற்றொன்றாகிய பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், திருவிழாக் கூட்டம் ஆகியவற்றைப் பற்றியது. எனினும் சட்டம் தானே நடந்து சேரிக்குச் செல்வதில்லை. இம்மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றது 2023 ஜனவரி 30-இல்தான். அதுவும் அதிகாரிகளின் துணையோடு. வாசலில் நிறுத்தப்பட்டோரின் ஆயுளும் குறுகியதே. இந்தியாவில் தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முந்தி இறக்கின்றனர் என ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை காட்டுகிறது.

அருட்பணியாளர் இத்தூரத்தைக் குறைக்க முயன்றனர். டேனிஷ் மிஷனரி சங்கத்தார் திருவண்ணாமலையில் பள்ளியும், திருக்கோவிலூரில் மருத்துவமனையும் நடத்தினர். வேலூரில் 1902-இல் ஷெல் மருத்துவமனையைத் திறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், நோயாளி வரும்வரை காத்திராமல், குடியாத்தம் சாலையோர மரநிழல்களுக்குத் தாமே சென்று மருந்தளித்தார். மருத்துவமனைக் கதவைத் திறந்து வைத்தல் ஒன்று. அதைத் தாண்டி வெளியே செல்லுதல் வேறொன்று என்பதை அப்பணி உணர்த்தியது. ஆயினும் நம்மை நாம் புகழ்ந்துகொள்ள இடமில்லை. மருத்துவமனையில் ஒரே வார்டில் படுத்தவர்கள், இறந்தபின் சாதிக்கொரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்படும் சபைகள் நம்மிடையே உண்டன்றோ?

மாற்கு 1:40-45 பகுதியில் ஒரு முறைமை கவனித்தற்குரியது. குஷ்டரோகி சுத்தமான பின்பு இயேசு அவனைத் தொடவில்லை. முதலில் தொட்டார், பின்னரே அவன் சுத்தமானான். அப்பகுதியின் முடிவில் அவன் ஊருக்குள் செல்கிறான். அவரோ ஊருக்கு வெளியே வனாந்தரமான இடங்களில் தங்குகிறார். விலக்கப்பட்டவனின் இடத்தை அவரே ஏற்றுக்கொண்டார். குணமளிக்கும் ஊழியம் நமக்கும் இந்த இடமாற்றத்தைக் கேட்கிறது. நம் ஆயர்கள் வாரத்தில் எத்தனை நாள் ஊருக்கு வெளியே நிற்கின்றனர் என்பதே இவ்வரலாறு நம்மை வினவும் கேள்வியாகும்.