காது குத்தல்: துளைப் புண்ணும் அணித் தேர்வும்

காது குத்தல் என்பது அணி பூணுவதற்காகக் காதில் துளையிடும் வழக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு, ஆரணி வட்டாரங்களில் முதல் மொட்டையோடு சேர்த்துக் குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் குத்துவார்கள். படவேடு ரேணுகாம்பாள் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். பத்தர் தங்கக் கம்பியால் குத்தி அதையே வளைத்துவிடுவது பழைய முறை. நாள், நட்சத்திரம் பார்க்கும் அளவுக்கு, துளையில் மாட்டும் உலோகத்தை யாரும் பார்ப்பதில்லை. தொல்லைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

காது மடலின் அடிப்பகுதியில் குருத்தெலும்பு கிடையாது. அங்கே இட்ட துளை 6 முதல் 8 வாரங்களில் ஆறும். கொப்பு, முருகு அணியும் மேல்காது அப்படியல்ல. குருத்தெலும்புக்குத் தனி இரத்தக் குழாய் இல்லாததால் ஆறப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். சூடோமோனாஸ் என்னும் கிருமி அங்கே புகுந்தால் குருத்தெலும்பு அழிந்து காதே சுருங்கிவிடலாம். கடைகளில் வைத்திருக்கும் துப்பாக்கிக் கருவி திசுவை நசுக்கித் துளைக்கிறது. அதன் பிளாஸ்டிக் பாகங்களை நீராவியில் வேகவைத்துத் தூய்மையாக்கவும் முடியாது. மேல்காதுக்கு அதை அனுமதிக்கவே கூடாது.

சீழ், சூடு, தெறிக்கும் வலி ஆகியவை கிருமித் தொற்றின் அடையாளங்கள். அரிப்பும் நீர்க்கசிவும் உலோகம் பட்ட இடத்தில் மட்டும், பெரும்பாலும் இரண்டு காதிலும் இருந்தால் அது நிக்கல் ஒவ்வாமை. கவரிங் நகைகளில் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருப்பதுண்டு; பூச்சு தேய்ந்ததும் தோலில் படும். ஒருமுறை வந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுள் முழுக்க நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே நகைகளில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. புதுத் துளைக்கு ஹால்மார்க் முத்திரையுள்ள 916 தங்கம், அதாவது 22 காரட், நல்லது. மருத்துவத் தர டைட்டானியம் அதைவிட மலிவு. வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலப்பதுண்டு என்பதால் கேட்டு வாங்க வேண்டும். திருகாணியை இறுக்கி முடுக்கினால் வீங்கிய மடல் அதை உள்ளே விழுங்கிவிடும். வீக்கத்துக்கு இடம்விட்டுத் தண்டு சற்று நீளமாக இருக்கட்டும்.

புண்ணை நாளுக்கு இருமுறை உப்புநீரால் கழுவினால் போதும்: கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீருக்குக் கால் தேக்கரண்டி உப்பு. தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சளும், துளை தூராமலிருக்கச் செருகும் துடைப்பக் குச்சியும் பாட்டி வைத்தியம். குச்சி அழுக்கைத்தான் உள்ளே கொண்டுபோகும். மடலில் சீழ் வைத்தால் தோட்டை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது, துளை மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடும். மேல்காது வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

புண் ஆறிய பின் துளையைத் தாண்டி வளரும் கெட்டித் தழும்பு கெலாய்டு எனப்படும். இது நம் நிறத்தவருக்கு அதிகம் வருவது. வெட்டி எடுப்பதால் மட்டும் தீராது, மீண்டும் வளரும். ஸ்டீராய்டு ஊசியும் அழுத்தக் கம்மலும் சேர்த்துத் தருவார்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இரண்டாம் துளை ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

முகூர்த்தப் பட்டோடு அணியும் கனமான ஜிமிக்கி மடலைக் கிழிக்கும். கூந்தலில் கொக்கி போடும் மாட்டல் வெறும் அலங்காரமல்ல, எடையைப் பகிர்ந்துகொள்கிறது. கிழிந்த மடலை ஒட்டும் முறைகளைச் சுஸ்ருத சம்ஹிதை பதினைந்தாக வகுத்திருக்கிறது. இன்று மரத்துப்போகும் ஊசி போட்டுத் தைத்துவிடுகிறார்கள். மறு துளையை, சில மாதங்கள் கழித்து, தழும்பைவிட்டுச் சற்றுத் தள்ளியே இட வேண்டும்.