சென்னைத் துறைமுகம்: கப்பலுக்கும் கிடங்குக்கும் இடையே

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராசப்பட்டினத்தில் இடம் பெற்றபோது அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் ஒதுங்க ஆற்றுமுகமோ வளைகுடாவோ இல்லாத திறந்த கடற்கரை அது. நெசவாளர் ஊர்கள் பக்கத்தில் இருந்தன, துணி மலிவாகக் கிடைத்தது. அதற்காகவே கம்பெனி இந்தக் கரையைச் சகித்துக்கொண்டது எனலாம்.

கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டன. சரக்கும் பயணிகளும் மசூலா படகுகளில்தான் கரை சேர முடிந்தது. ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. தரையில் மோதினாலும் வளைந்து கொடுக்கும் என்பதால் மதராஸ் அலைக்கு அதைவிடப் பொருத்தமான கலம் இல்லை. ஆனாலும் மூட்டைகள் நனைந்தன, சில கடலோடு போயின. வடகிழக்குப் பருவக்காற்றின்போது வேலையே நின்றுபோகும். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த சரக்கு, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் காத்துக் கிடந்தது. அந்தக் காத்திருப்பும் சேதமும் சரக்கின் விலையில் ஏறின.

1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1875-இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். முடியும் தறுவாயில் இருந்த அலைத்தடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்தது. மீண்டும் கட்டிய பிறகு மணல் தொல்லை தொடங்கியது. கிழக்கே பார்த்த நுழைவாயில் தூர்ந்துகொண்டே வந்தது. 1904 முதல் பொறுப்பில் இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடி, வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார். தெற்கே தடுக்கப்பட்ட மணல் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. துறைமுக வரலாற்றில் இந்த இழப்புக்கு உரிய இடம் தரப்படுவதில்லை.

1983-இல் இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் இங்கே திறக்கப்பட்டது. மூட்டை மூட்டையாகத் தூக்கி இறக்கிய வேலையைப் பாரந்தூக்கிகள் ஏற்றுக்கொண்டன. நெருக்கடி இப்போது கடலை விட்டுச் சாலைக்கு மாறியது. துறைமுகத்தைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டதால் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நின்றன. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பொருளானாலும், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைப் பொருளானாலும், வெளிநாட்டு வாங்குபவருக்கு முக்கியம் சொன்ன தேதி. கப்பலைத் தவறவிட்ட ஏற்றுமதியாளர் சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால், லாபம் அந்தக் கட்டணத்திலேயே கரைந்துவிடும். கூலி மலிவு என்ற சாதகம் லாரி வரிசையில் செலவாவது இப்படித்தான்.

2009-இல் அடிக்கல் நாட்டிய மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலைப் பணி 2012-இல் நின்றது. கூவத்தின் ஓரம் எழுந்த தூண்கள் பல ஆண்டுகள் வெறுமனே நின்றன. 2022-இல் இரண்டடுக்குச் சாலையாகத் திட்டம் மறுபடி தொடங்கப்பட்டது. இதற்கிடையே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் சரக்கைப் பங்கிட்டுக்கொண்டன. உலக வங்கியின் சரக்குப் போக்குவரத்துத் திறன் தரவரிசையில் இந்தியா 2018-இல் 44-ஆம் இடத்திலும், 2023-இல் 139 நாடுகளில் 38-ஆம் இடத்திலும் இருந்தது.