ஆய்வுகூடத்தில் உருவாகும் மனித திரிப்சின்

நாம் உண்ணும் மீனும் பருப்பும் உடலுக்கு உரமாக வேண்டுமாயின், அவற்றிலுள்ள புரதங்கள் முதலில் சிறு துண்டுகளாக வெட்டப்படல் வேண்டும். சிறுகுடலில் இப்பணியை ஆற்றும் பிரதான நொதியங்களுள் ஒன்றே திரிப்சின். சதையியிலிருந்து திரிப்சினோஜன் எனும் செயலற்ற வடிவில் சுரக்கும் இது, சிறுகுடலை அடைந்த பின்னரே மற்றுமொரு நொதியத்தினால் செயலூக்கம் பெறுகின்றது. 1876 ஆம் ஆண்டில் ஜேர்மனிய உடற்றொழிலியலாளர் வில்ஹெல்ம் கியூனே இதற்குப் பெயர் சூட்டினார்.

சமிபாட்டுடன் இதன் பயன் முடிந்துவிடவில்லை. லைசீன், ஆர்ஜினீன் ஆகிய அமினோ அமிலங்களை அடுத்தே புரதத்தை வெட்டும் இயல்பு இதற்குண்டு. எனவே, இனந்தெரியாத புரதங்களை அடையாளங்காண விஞ்ஞானிகள் இதனையே பெரிதும் நாடுகின்றனர். வளர்ப்புப் பாத்திரங்களில் ஒட்டிக்கொள்ளும் கலங்களைப் பிரித்தெடுப்பதற்கும், சில தடுப்பு மருந்துகளின் தயாரிப்பிற்கும் இது அவசியமாகின்றது.

நீண்ட காலமாக இந்நொதியம் பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்தே பெறப்பட்டு வந்தது. இதிலுள்ள ஆபத்து 2010 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. குழந்தைகளுக்கு வழங்கப்படும் ரொட்டாரிக்ஸ் எனும் தடுப்பு மருந்தில் பன்றி வைரஸ் ஒன்றின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டதால், அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அதன் பாவனையைத் தற்காலிகமாக நிறுத்துமாறு அமெரிக்க அதிகாரிகள் பரிந்துரைத்தனர். பன்றியிலிருந்து பெறப்பட்ட திரிப்சின் அதன் மூலமாக இருந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. அவ்வைரஸ் மனிதருக்கு நோயை உண்டாக்குவதாக அறியப்படாமையால் மே மாதத்தில் அப்பரிந்துரை விலக்கிக் கொள்ளப்பட்டது.

விஞ்ஞானத்திற்கு அப்பாலும் இப்பிரச்சினை நீண்டது. 2018 ஆம் ஆண்டில் இந்தோனேசிய உலமா சபை, தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசியின் தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருள் பயன்பட்டுள்ளதால் அது ஹராம் எனினும், நிர்ப்பந்த நிலை கருதி அதனைப் பயன்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. எனினும், ஜாவாவிற்கு வெளியே நடைபெற்ற தடுப்பூசி இயக்கம் 95 சதவீத இலக்கை எட்டவில்லை. பெற்றோரின் தயக்கம் குழந்தைகளின் பாதுகாப்பையே பாதித்தது என்பது கவலைக்குரியது.

இதற்கான மாற்று வழியே மீள்சேர்க்கைத் தொழில்நுட்பம். மனித திரிப்சினோஜனுக்குரிய பரம்பரை அலகு ஈ. கோலை பற்றீரியாவினுள் அல்லது மதுவக் கலத்தினுள் செலுத்தப்படுகின்றது. அந்த நுண்ணுயிர் உற்பத்தி செய்யும் புரதம் சுத்திகரிக்கப்பட்டுச் செயலூக்கப்படுகின்றது. இதற்கென மனிதரிடமிருந்து எவ்வுறுப்பும் எடுக்கப்படுவதில்லை. நீரிழிவு நோயாளர் பயன்படுத்தும் மனித இன்சுலின் 1982 ஆம் ஆண்டில் இவ்வழியிலேயே மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

மனித வடிவம் தேவைப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. திரிப்சினோஜனில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதும் பரம்பரைச் சதையி அழற்சிக்குக் காரணமாகலாம் என 1996 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. சதையியினுள்ளேயே விழித்தெழும் நொதியம் தனது உறைவிடத்தையே அரிக்கத் தொடங்குகின்றது. இதனை ஆராய்வதற்குப் பன்றியின் நொதியம் முழுமையாகப் பயன்படாது. அதே மாற்றத்துடன் கூடிய மனித நொதியமே வேண்டும்.

எனினும், 'மீள்சேர்க்கை' என்ற சொல்லை மாத்திரம் நம்பிவிடலாகாது. பன்றியின் பரம்பரை அலகைக் கொண்டு நுண்ணுயிரில் தயாரிக்கப்படும் திரிப்சினும் சந்தையில் உண்டு. அதில் விலங்கு வைரஸ் பற்றிய அச்சம் குறையுமாயினும், மார்க்க ரீதியான வினாவிற்கு அறிஞர்களே விடை கூற வேண்டும். மேலும், ஆய்வுத் தேவைக்கு மட்டும் எனக் குறிக்கப்பட்ட நொதியம் மருந்தாகாது.

ஆகவே, பரம்பரை அலகு எந்த உயிரினத்திற்குரியது, எந்தக் கலத்தில் உற்பத்தியானது, வளர்ப்பூடகத்தில் விலங்குப் பொருள் கலந்துள்ளதா என்பனவற்றை உற்பத்தியாளர்கள் தெளிவாக அறிவித்தல் வேண்டும். மூலம் மறைக்கப்படும்போதே வதந்தி வளர்கின்றது. உண்மையை முன்கூட்டியே உரைப்பதே மக்களின் நம்பிக்கைக்கும் குழந்தைகளின் நலனுக்கும் உகந்தது என்பதே எமது நிலைப்பாடாகும்.