போட்டியா, இதழா? சிறுகதையின் இரு வாயில்கள்

தேவனாம்பட்டினத்திலிருந்து நம்மிடம் அரபு பயில வரும் மாணவர் ஒருவர், அண்மையில் தாம் எழுதிய சிறுகதையுடன் வந்தார். மீனவர் குடியிருப்பையொட்டி வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதை. அதைப் போட்டிக்கு அனுப்புவதா, இதழுக்கு அனுப்புவதா என்பது அவர் வினா. இரண்டுக்கும் ஒருசேர அனுப்ப இயலாது. வேறெங்கும் வெளிவராத, வேறெங்கும் அனுப்பப்படாத கதையே வேண்டும் என்பது போட்டிகளின் பொது விதி. முடிவு வெளியாகும் வரை கதை முடங்கிக் கிடக்கும்.

போட்டி என்பது நமக்குப் புதிதன்று. அறியாமைக் காலத்து உக்காழ் சந்தையில் நாபிகா அத்துப்யானீக்குச் சிவந்த தோல் கூடாரம் அமைக்கப்படும். கவிஞர்கள் அவர் முன் பாடித் தீர்ப்புப் பெறுவர். ஒருமுறை அல்அஃஷாவும், பின்னாளில் நபித்தோழர்களான ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி), கன்ஸா (ரலி) ஆகியோரும் பாடினர் என அரபு இலக்கிய வரலாற்று நூல்கள் கூறும். தமக்கு முதன்மை கிட்டாததை ஹஸ்ஸான் ஏற்கவில்லை. அப்போது நாபிகா காரணம் கூறினாராம்: விருந்தோம்பலைப் பெருமையாகப் பேசவந்த இடத்தில் ‘ஜிஃபான்’ என்னாமல் ‘ஜஃபனாத்’ என்றதால் உணவுத் தட்டுகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, வாள்களுக்கும் சிறு எண்ணிக்கையைக் குறிக்கும் பன்மையையே ஆண்டுவிட்டீர் என்று. இச்செய்தியின் நம்பகத்தன்மையை ஐயுற்ற அறிஞர்களும் உளர். இலக்கண வகுப்பில் இதை நாம் சொல்லாத ஆண்டில்லை என்பது வேறு. நாம் கருதத்தக்கது, தோற்றவருக்கும் காரணம் சொல்லப்பட்டது என்பதே. இன்றைய போட்டிகளில் வென்றவர் பெயர் வெளியாகிறது. மற்றவர் எதில் தவறினார் என்பதை அவரும் அறியார்.

தமிழ்ச் சிறுகதையின் வரலாறு இரு வாயில்களையும் காட்டுகிறது. 1930களின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் நடத்திய போட்டிக்குக் கதை எழுதியே பி.எஸ். ராமையா இத்துறைக்குள் நுழைந்தார். அவ்வாறு நுழைந்தவரே 1935இல் மணிக்கொடியைச் சிறுகதை இதழாக மாற்றி நடத்தினார் என்பது சுவையான செய்தி. 1906இல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் அம்மணிக்கொடியில் வளர்ந்தவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தனோ 1950களில் ‘சரஸ்வதி’ போன்ற சிற்றிதழ்களில் எழுதிப் பெயர் பெற்று, பின்னரே ஆனந்த விகடனின் பெருவாசகரை அடைந்தார். 1966இல் அவ்விதழில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ எழுப்பிய வாதத்தைப் பரிசு எதுவும் எழுப்பியிருக்காது. கதைக்கு வாசகர் மறுமொழி தர வேண்டுமானால், முதலில் அது வாசகர் கைக்குச் செல்ல வேண்டுமல்லவா?

நம் சமுதாயத்தின் அனுபவமும் இதுவே. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவரல்லர்; இளமையிலேயே கணவரை இழந்தவர். அவருடைய சிறுகதை 1929இல் பா. தாவூத்ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’ இதழில் வெளிவந்தது. 1938இல் ‘காதலா? கடமையா?’ நாவல் உ.வே.சாமிநாதையரின் முன்னுரையுடன் வந்தபோது, அவர் ஏற்கனவே அச்சில் அறிமுகமானவர். வீட்டைவிட்டு வெளிவராத ஒரு பெண்ணின் எழுத்து ஊரைக் கடக்க அஞ்சலும் ஓர் இதழாசிரியரும் போதுமாயிருந்தனர். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாவதற்கு முன் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்தது. சாகித்திய அகாதமி விருது 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்குக் கிடைத்தது. இதழ் முதலில், விருது பிறகு.

பரிசை நாம் இகழவில்லை. நஜீப் மஹ்ஃபூழ் கூட கெய்ரோ இதழ்களில் எழுதிக்கொண்டே தம் தொடக்க நாவல்களைப் பரிசுகளுக்கும் அனுப்பியவர்தாம். சென்னையில் 1970இல் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்பு இரண்டையும் இணைக்கும் வழியொன்றைக் கண்டது. இதழ்களில் ஏற்கனவே வெளிவந்த கதைகளிலிருந்து மாதந்தோறும் ஒன்றைத் தேர்ந்து, அவற்றுள் ஆண்டின் சிறந்ததைப் பரிசுக்குரியதாக்கியது. அங்கே தோற்ற கதையும் வாசிக்கப்பட்ட கதையே. இதைவிட நேர்மையான முறையை நாம் அறியோம்.

நமக்கு இதில் தனிப்பட்ட காயமும் உண்டு. மதரஸா மாணவப் பருவத்தில் ஓர் அமைப்பின் போட்டிக்குக் கதை அனுப்பினோம். படியெடுத்து வைக்கும் வழக்கம் அன்று நமக்கில்லை. முடிவும் வரவில்லை, கதையும் திரும்பவில்லை. நம் பாட்டியார் நோன்பு காலத்தில் சொன்ன ஒரு செய்தியை வைத்து எழுதியது அது. அவரும் அடுத்த ஆண்டு மவ்த்தாகிவிட்டார். பின்னர் ஓர் இதழுக்கு அனுப்பிய வேறு கதை, ஓரத்தில் இரண்டு வரிக் குறிப்புடன் திரும்பி வந்தது. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்றது அக்குறிப்பு. உண்மைதான், திருத்தினோம்.

மாணவரிடம் இவ்வளவையும் சொல்லி, இதழுக்கே முதலில் அனுப்புமாறு கூறினோம். பரிசுத்தொகை தம் தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவும் என்றார் அவர். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. போட்டியின் இறுதி நாளுக்கு இன்னும் பதினொரு நாள்கள் உள்ளன. கதையின் படியொன்றை மட்டும் நம் அலமாரியில் வாங்கி வைத்துள்ளோம்.