மண்ணுக்கடியில் ஒரு சட்டைக் கை

காப்பாரில் லோங்காங் தெரியாதவர் யாரும் இல்லை. வீட்டு வாசலில் ஓடும், நாறும், அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஐந்தடிக்கு மேலே ஏறி வரும், உடனே கவுன்சிலுக்கு ஃபோன் போகும். மலாய்ச் சொல்தான், ஆனால் மூன்று தலைமுறையாக நம் வாயில் புழங்கித் தமிழாகவே ஆகிவிட்டது. அந்த லோங்காங்கிற்கும் கீழே, சில இடங்களில் நான்கைந்து மீட்டர் ஆழத்தில், கக்கூஸ் தண்ணீரைச் சுமந்துபோகும் இன்னொரு குழாய் இருக்கிறது. அதற்கு நம் பேச்சில் பெயரே கிடையாது. எழுத்தில் ‘கழிவுநீர்க் குழாய்’ என்கிறோம். பேச்சில் ‘இண்டா வாட்டர் பைப்’. பில் அனுப்புகிறவனின் பெயரையே பைப்புக்கும் வைத்துவிட்டோம்.

நான் சிவில் இன்ஜினியர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, சில வருடங்களாக இந்தப் பெயரில்லாத குழாய்களோடு வேலை. ரோட்டைத் தோண்டாமல், உடைந்த குழாயை உள்ளிருந்தே சரிசெய்வது எங்கள் தொழில். “தோண்டாம எப்படிப்பா பைப் ரிப்பேர் பண்ணுவீங்க?” என்று தீபாவளிக்கு வரும் ஒவ்வொரு மாமாவும் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல, இந்த வட்டாரத்தில் யார் எதைத் தோண்டினார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் தோண்டியவர்கள்

1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்தார். ஊர் மலேரியாவில் செத்துக்கொண்டிருந்தது. அதே வருடம் செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய போர்ட் கிள்ளானை, காய்ச்சல் காரணமாக உடனே மூட வேண்டிய நிலை. மலேரியா கொசுவால்தான் பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் நிரூபித்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. வாட்சன் மருந்தை மட்டும் நம்பவில்லை. சதுப்பை வெட்டி வடித்தார், காட்டை அழித்தார், வாய்க்கால் போட்டார். காய்ச்சல் சடசடவென்று இறங்கியது. உலகப் பொதுச் சுகாதார வரலாற்றில் கிள்ளானுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான். 1911-இல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது.

வாட்சன் கண்டுகொண்ட இன்னொரு விஷயம் என் தொழிலுக்கு நெருக்கமானது. கடலோரச் சமதரையில் இருந்த கொசு, நிழலான காட்டுக் குட்டையில் முட்டையிடும் வகை. காட்டை வெட்டி, திறந்த வாய்க்கால் போட்டால் போய்விடும். காப்பார் போன்ற இடங்களுக்கு அது போதும். உள்ளே மேட்டுப்பாங்கான தோட்டங்களில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. அங்கே இருந்த கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். காட்டை வெட்டி வாய்க்கால் போட்டால் அதற்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. அதனால் அந்தத் தோட்டங்களில் பள்ளத்தாக்கு ஓடைகளை மண்குழாய்களில் இறக்கி நிலத்துக்கடியில் புதைத்தார்கள். தண்ணீரை வெளியேற்றுவது மட்டும் போதாது, கண்ணிலிருந்து மறைக்கவும் வேண்டும் என்ற யோசனை இந்த மாவட்டத்துத் தோட்டங்களுக்கு வந்தது இந்த வழியில்.

வெட்டியது யார்? தோட்டத்திலும் பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் சுகாதார வாரியத்திலும் கூலி வேலைக்குப் பெருமளவில் கொண்டுவரப்பட்டவர்கள் தென்னிந்தியர்கள், பெரும்பாலும் தமிழர்கள். கோலாலம்பூர் சுகாதார வாரியம் 1890-இல் அமைந்தது. சாலை கூட்டுவது, வாய்க்கால் வாருவது என்று அந்த நூற்றாண்டு முழுக்க நம் ஆட்கள் செய்த வேலை அது. இலங்கை மலையகத்தில் ‘கான் வெட்டு’ என்று தனி வேலையே உண்டு. கூலி செத்தால் பால்மரம் வெட்ட ஆள் இல்லை. அதனால்தான் தோட்ட நிர்வாகம் வாய்க்காலுக்குப் பணம் செலவழித்தது என்பதையும் மறக்கக் கூடாது. கூலி உயிரோடு இருக்க வேண்டும் என்பது கருணைக் கணக்கு மட்டும் அல்ல.

மலம் என்ன ஆனது? லைன் வீட்டுக்கு ஒதுக்குப்புறமாக வரிசைக் கக்கூஸ். இல்லாவிட்டால் மரத்தடி. வெறுங்காலோடு மரம் வெட்டப் போனவர்களின் உடம்பில் கொக்கிப்புழு ஏறி ரத்தம் குடித்தது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய குழு ஒன்று மலாயா, ஜாவா, பீஜி தீவுகளில் இதை ஆராய்ந்தது. தோட்டத் தொழிலாளியைப் பார்த்துச் சொல்லப்பட்ட ‘சோம்பேறி’ என்ற வசவில் பாதி, இந்தப் புழு உண்டாக்கிய ரத்தசோகை. பட்டணத்தில் வாளிக் கக்கூஸ். ராத்திரியில் பின்சந்து வழியாக ஆள் வந்து வாளியை எடுத்துப் போவார். “அந்தச் சத்தம் கேட்டா கதவைச் சாத்திக்குவோம்” என்பாள் என் பாட்டி.

ஒரே வருடத்தில் இரண்டு சட்டங்கள்

1993-இல் இந்தியா, மலத்தைக் கையால் அள்ள ஆள் அமர்த்துவதையும் உலர் கழிப்பறை கட்டுவதையும் தடைசெய்து சட்டம் போட்டது. அதே 1993-இல் மலேசியா கழிவுநீர்ச் சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவரை அந்தந்த ஊராட்சி மன்றங்கள் பார்த்துவந்த கழிவுநீர், இண்டா வாட்டர் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்குப் போனது. 2000-இல் நிதியமைச்சு அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. வீட்டுக்கு மாதம் 8 ரிங்கிட் என்ற கட்டணம் நெடுங்காலம் நின்றது. அதைக்கூடக் கட்ட மாட்டேன் என்று நின்ற குடும்பங்கள் எத்தனையோ. கண்ணில் படாத ஒன்றுக்கு எதுக்குக் காசு என்பதுதான் வாதம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அங்கே சட்டம் வந்தும் மனிதன் குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை. 2013-இல் இன்னொரு சட்டம், 2014-இல் சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்திய தீர்ப்பு. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை (2017) பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இங்கே மலம் குழாய்க்குள் போய்விட்டது, நாமும் மறந்துவிட்டோம். அங்கே தெரிந்தே மனிதனை இறக்குகிறார்கள். இங்கே குழாயே தெரியாமல் கிடக்கிறது.

குழாய் எப்படிச் சாகிறது

காப்பார், மேரு, கிள்ளான் பக்கமெல்லாம் கடல் களிமண். கையில் எடுத்தால் சாம்பல் நிறத்தில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். எண்ணெய்ப்பனையும் ரப்பரும் இருந்த இடத்தில் தாமான்கள் வந்தபோது, இந்த வெண்ணெய்க்குள்தான் குழாய் புதைத்தார்கள். நம் நாட்டில் அதிகம் போட்டது சுட்ட களிமண் குழாய். அமிலம் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் வளையத் தெரியாது. துண்டு துண்டாகச் சேர்த்துப் போட்டிருக்கும். கீழே மண் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அமிழ்ந்தால் இணைப்பு வாய் திறந்துகொள்ளும். அந்த இடுக்கில் மரவேர் நுழையும், நிலத்தடி நீர் கசியும். நீரோடு மண்ணும் வரும்.

பெரிய குழாய்களுக்குப் போட்ட கான்கிரீட்டுக்கு வேறு சாவு. கழிவுநீரிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைட் வாயு எழும்பும். குழாயின் மேற்கூரையில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும். கான்கிரீட் ஈரச் சுண்ணாம்பு மாதிரி உதிரும். கூரையை அரிப்பது உயிர்தான் என்று 1945-இல் மெல்பர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் காட்டினார். வெப்பநாட்டில் இது இன்னும் வேகம்.

இரண்டிலும் முடிவு ஒன்றுதான். மண் குழாய்க்குள் போகிறது, குழாய்க்கு மேலே வெற்றிடம் வளர்கிறது, மேலே தார் ரோடு மட்டும் ஒரு மூடிபோல நிற்கிறது. பார்ப்பதற்கு ரோடு நன்றாகத்தான் இருக்கும்.

ஹேக்னியில் ஒரு பை

1971-இல் லண்டனின் ஹேக்னி பகுதியில், விக்டோரியா காலத்துச் செங்கல் சாக்கடை ஒன்றில் எரிக் வுட் என்ற பொறியாளர் புதுசாக ஒன்றைச் செய்துபார்த்தார். பிசினில் ஊறவைத்த கம்பளித் துணி மாதிரியான ஒரு நீளப் பையைப் பழைய குழாய்க்குள் அனுப்பி, ஊதி, சுவரோடு ஒட்டவைத்து இறுகவிட்டார். பழைய குழாய்க்குள்ளேயே ஒரு புதுக் குழாய். 1977-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. 1985-இல் லண்டனில் ‘தோண்டாத’ தொழில்நுட்பத்துக்கென்றே மாநாடு நடந்தது, அடுத்த வருடம் சர்வதேசச் சங்கமும் வந்தது.

இன்று கிள்ளானில் நாங்கள் செய்வது அதன் பேரப்பிள்ளை. போக்குவரத்து குறைந்த ராத்திரியில்தான் வேலை. முதலில் மேல்பக்க மேன்ஹோலை அடைத்து, வரும் கழிவை பம்ப் வைத்து வேறு வழியில் திருப்பிவிட வேண்டும். பிறகு உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவி, சக்கரம் வைத்த கேமராவை உள்ளே விடுவோம். பிசின் ஊறிய பை குளிர்சாதன லோரியில் வரும். நம் வெயிலில் சும்மா வைத்தால் லோரியிலேயே இறுகிவிடும். பையின் வாயை மேன்ஹோல் மேலே கட்டி, தண்ணீர் விடுவோம். சட்டைக் கையை உள்வெளியாகத் திருப்புவது போல, தண்ணீரின் எடையிலேயே பை புரண்டு புரண்டு குழாய்க்குள் ஓடும். பிசின் இருக்கும் பக்கம் பழைய சுவரில் ஒட்டும். அப்புறம் சூடான தண்ணீரைச் சுற்றவிட்டு வேகவைப்போம். சில மணிநேரத்தில் கல்லாகிவிடும். அந்த நேரத்தில் தெரு முழுக்க வீடுகளின் இணைப்பு அடைபட்டிருக்கும். கடைசியில் ஒரு சிறு ரோபோ உள்ளே போய் ஒவ்வொரு வீட்டு வாயையும் வெட்டித் திறக்கும். விடிவதற்குள் ஜாலான் காப்பாரில் துறைமுக லோரிகள் எப்போதும் போல ஓடும்.

இதே வேலையைத் தோண்டிச் செய்தால்? நான்கைந்து மீட்டர் பள்ளம், இரண்டு பக்கமும் இரும்புப் பலகை அடிக்க வேண்டும், ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைக்க இறைக்கப் பக்கத்து வீட்டுச் சுவரில் வெடிப்பு வரும். அதோடு பள்ளம் சரிந்தால் கீழே நிற்பவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் நம் தாத்தா. இன்றைக்கு வங்காளதேசத்துப் பையன்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய குழாய் இன்னும் நின்றுகொண்டிருக்க வேண்டும். விரிசல், வேர், அரிப்பு எல்லாவற்றையும் பை மூடிவிடும். முழுசாக இடிந்துவிட்டால் பை போக வழி இல்லை. நடுவில் தொய்ந்த குழாயில் போட்டால் பையும் அதே தொய்வோடு இறுகும். குழாயின் நிலையை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் முறையை பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் வகுத்தார்கள். ஐந்து என்றால் இடிந்தது அல்லது இப்போதோ அப்போதோ இடியப்போவது. மூன்றிலும் நான்கிலும் பார்த்தவனுக்குத்தான் தோண்டாத வழி அகலமாகத் திறந்திருக்கும். பார்க்காமல் விட்டவன் கடைசியில் தோண்டித்தான் ஆகணும்.

மஸ்ஜிட் இந்தியா

2024 ஆகஸ்ட் 23 காலை, கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை திடீரென்று உள்வாங்கியது. ஆந்திராவிலிருந்து சுற்றுலா வந்த 48 வயதுப் பெண் ஒருவர், குடும்பத்தோடு நடந்துகொண்டிருந்தவர், சுமார் 8 மீட்டர் ஆழத்துக்குள் போய்விட்டார். அவருடைய செருப்பு கிடைத்தது. கேமராக்கள், தரை ஊடுருவும் ரேடார், கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கிய முக்குளிப்போர், பந்தாய் டாலாம் சுத்திகரிப்பு நிலையம் வரை தேடல். ஆறாம் நாள் அந்த இடத்திலிருந்து சுமார் 50 மீட்டர் தள்ளி மறுபடியும் நிலம் அமிழ்ந்தது. குழாய்க்குள் பாறைபோல் இறுகிய அடைப்பை உடைக்க முடியவில்லை. ஒன்பதாம் நாள், சுதந்திர தினத்தன்று, தேடலை நிறுத்தினார்கள்.

கோலாலம்பூரின் அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் இயற்கையான பொந்துகள், மேலே நூற்றாண்டுக் கட்டடங்கள், நடுவே பல காலத்துக் குழாய்கள். ஒரு காரணத்தை மட்டும் காட்டி ‘இதுதான்’ என்று சொல்வது என் வேலை அல்ல. நான் கவனித்தது வேறு. அந்த ஒன்பது நாட்களில்தான் மலேசியர்கள் முதன்முறையாகத் தங்கள் காலுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று கேட்டார்கள். அங்காடிக்காரர்கள், பூ விற்பவர்கள், சேலை வாங்க வந்தவர்கள் எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்து நடந்தார்கள். சில மாதங்களில் அது மறைந்துவிட்டது.

லோங்காங்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அடைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். வாட்சன் காலத்து வாய்க்காலை கங்காணி தினம் நடந்து பார்த்தார். புதைத்த குழாயை யாராவது கேமரா விட்டுப் பார்த்தால்தான் உண்டு. தொழில்நுட்பம் வந்து 50 வருடம் தாண்டிவிட்டது. குறைவது கேமராவை முன்கூட்டியே அனுப்பும் பழக்கமும், அதற்கு ஒதுக்கும் பணமும், பில்லைப் பார்த்ததும் முகம் சுளிக்காத குடியிருப்பாளர்களும்.

‘தோண்டாத’ என்ற பெயரில் ஒரு பொய்யும் இருக்கிறது. தோண்டாவிட்டாலும் மேன்ஹோலுக்குள் ஒருவர் இறங்க வேண்டிய நேரங்கள் இன்னும் உண்டு. வாயுமானி, முக்காலி, இடுப்புக் கயிறு, மேலே காவலுக்கு ஒருவர் இல்லாமல் இறங்கக் கூடாது என்பது விதி. அவசரத்தில் இந்த விதியை வளைக்கச் சொல்லும் குரலை எந்தத் தளத்திலும் கேட்கலாம். அந்தக் குரலுக்கு ‘முடியாது’ என்று சொல்ல ஒரு தமிழ் இன்ஜினியருக்கு மற்றவர்களைவிட அதிகக் காரணம் இருக்கிறது.

ஒவ்வொரு குழாய்க்கும் நாங்கள் எழுதும் கேமரா அறிக்கையில் மேன்ஹோல் எண், நீளம், விட்டம், எத்தனையாவது மீட்டரில் என்ன சேதம் என்று வரிசையாக இருக்கும். மேலே ஒரு கட்டத்தில் ஆய்வு செய்தவரின் பெயரை எழுத வேண்டும். கிள்ளான் சதுப்பை வெட்டி வடித்தவர்களின் பெயர்ப் பட்டியல் எதுவும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அந்தக் கட்டத்தை நான் காலியாக விடுவதில்லை. கேமராவை இயக்கியவர், மேன்ஹோலில் இறங்கியவர், பம்ப் பார்த்துக்கொண்டவர், மூன்று பேர் பெயரையும் எழுதுகிறேன். ஒருவர் குமில்லாக்காரர், ஒருவர் நேப்பாளி, ஒருவர் மேருவில் பழைய தோட்டத்துப் பிள்ளை. பை நன்றாக இறுகியிருந்தால் 50 வருடம் தாங்கும் என்று கணக்கு. அதற்குப் பிறகு கேமராவோடு வருகிறவர்களுக்கு அந்த மூன்று பெயரும் கிடைக்கும்.