உதவித்தொகைக்கு முன்னால் சான்றிதழ்கள்

பட்டியல் சாதி மாணவர்களின் உயர்படிப்புக்கு இந்திய அரசு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது 1944இல். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1942 அக்டோபரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவிடம் கொடுத்த மனுவே அதற்கு வித்து. பனாரஸ், அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரும் அரசு, பட்டியல் சாதியினரின் கல்விக்கும் அதே அளவு தர வேண்டும் என்று அவர் வாதாடினார். 3 லட்சம் ஒதுக்கப்பட்டது. 1948இல் பழங்குடி மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ‘போஸ்ட் மெட்ரிக்’ உதவித்தொகை என்று இன்றும் கல்லூரிகளில் சொல்லப்படுவது இந்தத் திட்டம்தான்.

விண்ணப்பங்கள் பெருகவே நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பும் வந்தது. அதன்பின், தான் யார், வீட்டில் எவ்வளவு வருமானம் என்பதை மாணவரே காகிதத்தில் நிரூபிக்க வேண்டியதாயிற்று. கல்லூரி வாசலை மிதிக்கும் முன் தாலுகா அலுவலகத்தின் படியேறும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்குச் சாதிச் சான்றிதழ் தருபவர் தாசில்தார். பழங்குடியினருக்கு அவருக்கு மேலே உள்ள வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.). போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த இந்த ஏற்பாடு, உண்மையான பழங்குடியினரையே அதிகம் வாட்டியது. தந்தையிடம் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்கு எளிது; தலைமுறையில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த இருளர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்குக் காட்ட எதுவும் இருக்கவில்லை. விசாரணை முடிவதற்குள் சேர்க்கையே முடிந்துவிடுவதும் உண்டு. வருமானச் சான்றிதழும் ஏழைக்கு எளிதாக வாய்த்ததில்லை. தினக்கூலிக்குச் சம்பளச் சீட்டு ஏது? கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) விசாரித்து எழுதும் தொகையே அவருடைய ஆண்டு வருமானம். உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவரிடமே காகிதம் குறைவாக இருப்பது இத்திட்டத்தின் தீராத குறை.

2010இல் தமிழக அரசு இன்னொரு சான்றிதழைச் சேர்த்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவர், ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் சேர்ந்தால், சாதியும் வருமானமும் பாராமல் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். அதற்காக வருவாய்த் துறை தருவது முதல் பட்டதாரிச் சான்றிதழ். தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டதாரி அல்லர் என்பதை அது உறுதிசெய்கிறது.

பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் வருமான வரம்பு 2013இல் 2.5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 2015இல் தேசிய உதவித்தொகை இணையதளம் வந்தது. செலவில் 60 சதவீதத்தை மத்திய அரசும் 40 சதவீதத்தை மாநிலங்களும் ஏற்பது என 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. மத்தியப் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்கிறது. இதனால் இடையில் பணம் தேங்குவது குறையும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் ஆதார் இணைந்த கணக்கு என்ற புதிய நிபந்தனையும் கூடவே வந்தது. மதிப்பெண் பட்டியலில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இனிஷியல் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

தாசில்தாரிடம் நேரில் கொடுத்த மனுவை இன்று இ-சேவை மையத்தில் பதிவேற்றுகிறார்கள். விசாரணைக்கு ஆகும் நாட்களை அதனால் முழுதும் தவிர்க்க முடியாது. எனவே பிளஸ் டூ தேர்வு முடிவுக்குக் காத்திராமல், சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, பெயரும் இனிஷியலும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.