பின்காவலர்களின் ஜீவனம்

கணக்குப் புத்தகத்தில் உண்மையை எழுதியதற்காகத் தண்டனை பெற்றவர்கள் உலகில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் ஸ்வீடன் தேசத்தின் தென்பகுதித் துறைமுகமான மால்மோ நகரத்துக் கால்பந்துக் கழகத்துக்கு 1934-ஆம் ஆண்டில் நேர்ந்தது ஏறக்குறைய அதுவே. ஆட்டத்துக்கு ஆட்டம் வீரர்கள் கையில் ஒரு சிறு தொகையை வைப்பது அக்காலத்தில் பல கழகங்களில் மறைவாக நடந்துவந்த வழக்கம். மற்றவர்கள் கொடுத்ததை மறைத்தார்கள், மால்மோக்காரர்களோ கொடுத்ததைக் கொடுத்தபடியே பதிந்து வைத்தார்கள். விஷயம் வெளிப்பட்டதும், ஆல்ஸ்வென்ஸ்கான் என்னும் தேசிய லீகின் முதற்பிரிவிலிருந்து அக்கழகம் கீழே தள்ளப்பட்டது.

விளையாட்டு விளையாட்டுக்காகவே, அதைக் கொண்டு ஒருவன் ஜீவனம் செய்யலாகாது என்பது அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் போற்றிய அமெச்சூர் தர்மம். 1892-இல் கோதன்பர்க் நகரத்து மைதானத்தில் நாட்டின் முதல் ஒழுங்கான பந்தயத்தில் வென்ற ஓர்கிரிட்டே அணியில், அவ்வூர் நெசவாலைகளில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். ஆகவே இந்த ஆட்டம் ஸ்வீடனுக்குள் பிரவேசித்ததே தொழிலாளிகளின் காலடியில்தான். அப்படி வந்த ஆட்டத்தைப் பிற்பாடு நிர்வகித்த கனவான்கள், கூலிக்கு உழைப்பவனுக்கு ஆட்டத்தில் மட்டும் கூலி கூடாது என்று விதித்ததில் உள்ள முரண்பாட்டை உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1967 வரையில் அந்த விதி நின்றது. ஸ்வீடன் நாட்டுப் பின்காவலர் என்னும் ஒரு தனி ஜாதி ஆட்டக்காரர் உருவானதற்கு, நான் அறிந்தவரையில், அந்த விதியே முதற்காரணம்.

எப்படியென்றால், 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில், ஜார்ஜ் ரெய்னர் என்ற ஆங்கிலேயர் பயிற்றுவித்த ஸ்வீடன் அணி, இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவை 3-1 என்று வென்று தங்கம் பெற்றது. மறு வருஷமே இத்தாலியப் பணக்காரக் கழகங்கள் வந்து வாரிக்கொண்டு போயின: தீயணைப்புப் படையில் உத்தியோகம் பார்த்த குன்னர் நோர்டால், குன்னர் கிரேன், நில்ஸ் லீட்ஹோல்ம் ஆகிய மூவரும் மிலான் நகரம் சேர்ந்தார்கள். சம்பளம் வாங்கியவனுக்குத் தேசிய அணியில் இடமில்லை என்று ஊரில் கதவும் அடைக்கப்பட்டது. இத்தாலியர் தேடி வந்தது பெரும்பாலும் கோல் போடுகிறவர்களை. நோர்டாலின் சகோதரர்கள் பெர்டிலும் க்னூட்டும் பின்வரிசையிலிருந்து போனதுண்டு என்றாலும், கோலைத் தடுக்கிறவனுக்குச் சந்தையில் விலை குறைவு என்பதே பொது நியாயம். எனவே முன்வரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டேயிருக்க, பின்வரிசையில் மட்டும் பழைய முகங்கள் நிலைத்தன.

எரிக் நில்சனை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தண்டனைக் காலத்தில் மால்மோ கழகத்தில் சேர்ந்து, ஏறத்தாழ இருபது வருஷம் வேறொரு கழகத்தின் சட்டையை அணியாமலே இடப்பக்கத்துப் பின்காவலராக ஆடி முடித்தவர் அவர். 1938-இலும், மகாயுத்தத்தால் நேர்ந்த பன்னிரண்டாண்டு இடைவெளிக்குப் பின் 1950-இலும் உலகக்கோப்பையில் ஆடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தாம்; ஒருவர் ஸ்விட்சர்லாந்தின் ஆல்பிரட் பிக்கெல், மற்றவர் இவர். சிறந்த முன்களத்தார் பலரை இழந்த பிறகும் ஸ்வீடன் 1950-இல் பிரேஸிலில் மூன்றாமிடம் பெற்றது. நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு உரிய தங்கப்பந்து விருது அவ்வாண்டு நில்சனுக்குக் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் சம்பளம் வாங்கியவர்களைச் சேர்க்காத அந்தப் பிடிவாதத்துக்கு 1954-இல் விலை கொடுக்க நேர்ந்தது. தகுதிச் சுற்றிலேயே பெல்ஜியத்திடம் இடத்தை இழந்தார்கள். 1958-இல் போட்டி தங்கள் வீட்டு வாசலுக்கே வந்தபோது, வெளிநாட்டில் சம்பளம் வாங்கியவர்களையும் ஆடவிட்டார்கள். இறுதியாட்டம் வரை சென்று பிரேஸிலிடம் 5-2 என்று தோற்றார்கள். அன்று வலப்பக்கத்தைக் காத்த ஓர்வார் பெர்க்மார்க், பின்னாளில் தேசிய அணியின் பயிற்சியாளராகி, 1970-இல் அதை மெக்சிகோவுக்கு அழைத்துச் சென்றார்.

அந்த அணியின் நடுப் பின்காவலர் பியோர்ன் நோர்ட்க்விஸ்ட். இவருடைய சரித்திரம் சற்று நிதானமாகச் சொல்லத்தக்கது. நாட்டின் ரயில் பாதைகள் கூடும் ஹால்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் 1942-இல் பிறந்து, ஊர்க் கழகத்தில் தொடங்கி, நெசவாலைகளுக்குப் பேர்போன நோர்ஷெப்பிங் நகரத்துக் கழகத்தில் 1961-இல் சேர்ந்து, 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் பட்டம் வென்ற அணியில் ஆடி, 1963-இலேயே தேசிய அணிக்குள் வந்தவர், 1978 வரையில் அதை விட்டு அகலவில்லை. அமெச்சூர் விதி நீங்கியபோது அவருக்கு இருபத்தைந்து வயது. ஆனால் ஹாலந்தின் பி.எஸ்.வி. கழகத்துக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கியது 1974-இல், முப்பத்திரண்டாம் வயதை நெருங்கும்போதுதான். ஒரே வருஷத்தில் அங்கும் பட்டம் பெற்றுவிட்டு, ஊர் திரும்பிக் கோதன்பர்க்கில் ஆடி, பிறகு அமெரிக்காவின் மினசோட்டா வரை போனார். மற்ற ஆட்டக்காரர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கிற பிராயத்தில் தொழிலை ஆரம்பித்தவர் என்று சொன்னால் மிகையல்ல.

அவர் தேசத்துக்காக ஆடிய ஆட்டங்கள் 115. இங்கிலாந்தின் பாபி மூர் வைத்திருந்த 108 என்ற கணக்கை அது கடந்தது. உலகத்தில் வேறு யாரும் அந்நாளில் அத்தனை ஆட்டம் ஆடியதில்லை. அந்த 115 ஆட்டங்களிலும் அவர் போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. வேலிக்குக் கனி காய்க்கவில்லையே என்று தோட்டக்காரன் வருந்துவதில்லை.

1974-இல் மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக்கோப்பைதான் அந்தப் பின்வரிசையின் உச்சம். பல்கேரியா 0-0, ஹாலந்து 0-0, உருகுவே 3-0 என்று முதற்சுற்றில் ஒரு கோலும் விடாமல் நின்றார்கள். நோர்ட்க்விஸ்ட்டும் கென்ட் கார்ல்சனும் நடுவில்; பின்னால் ரோனி ஹெல்ஸ்ட்ரோம் என்ற கோல்காவலர். டார்ட்மண்ட் நகரில் ஹாலந்துடன் நடந்த ஆட்டத்தில், யோஹான் கிரைஃப் பந்தை அடிப்பது போல் பாவனை செய்து, தன் நின்ற காலுக்குப் பின்னால் இழுத்துத் திரும்பியபோது, எதிரே நின்ற யான் ஓல்சன் வேறு திசையில் போய்விட்ட அந்தக் கணம் இன்றைக்கும் உலகம் முழுவதும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. ஓல்சன், ஃபாசிட் என்ற கணக்கிடும் இயந்திரக் கம்பெனியின் ஆதரவில் வளர்ந்து 1972, 1973-இல் பட்டம் வென்ற ஓட்விடாபெர்க் என்ற சிற்றூர்க் கழகத்தைச் சேர்ந்தவர். ஏமாந்ததற்காக வெட்கப்படாமல், அதுவே தம் ஆட்ட வாழ்வில் பெருமைக்குரிய கணம் என்று பிற்காலத்தில் அவர் மகிழ்ச்சியோடு சொல்லிவந்தார். அந்த ஆட்டத்தில் ஹாலந்து ஒரு கோலும் போடவில்லை என்பதைத்தான் படம் காட்டுகிறவர்கள் ஒருவரும் சொல்வதில்லை.

அதே ஆண்டில் பாப் ஹௌட்டன் என்ற இளம் ஆங்கிலேயர் மால்மோவுக்கும், 1976-இல் அவருடைய நண்பர் ராய் ஹாட்ஜ்சன் ஹால்ம்ஸ்டாட் நகரத்துக்கும் பயிற்சியாளர்களாக வந்தார்கள். எதிரியின் முன்கள வீரனை நிழல்போல் தொடர்வதை விட்டு, ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைக் காத்து, நால்வரும் ஒரே கோடாக முன்னேறி எதிரியை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் முறையை அவர்கள் கற்பித்தார்கள். தனித்திறமையைக் கொன்றுவிட்டார்கள் என்று பழமைவாதிகள் வெகுநாள் சண்டையிட்டார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் 1979-இல் மால்மோ ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்று, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டிடம் ஒரே கோலில்தான் தோற்றது.

அந்த மால்மோவில் பல்லாண்டுகள் பின்காவலராக ஆடி, 1977-இல் தங்கப்பந்து பெற்றவர் ராய் ஆண்டர்சன். அவருடைய மகன் பாட்ரிக், அதே கழகத்தில் அதே இடத்தில் தொடங்கி, 1994 உலகக்கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற அணியின் நடுக்காவலராக நின்று, பிற்பாடு ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கழகத்தில் சேர்ந்தார். 2001 மே 19 அன்று, லீகின் கடைசி நாளில், ஹாம்பர்க் அணி பயர்னுக்கு எதிராகத் தொண்ணூறாவது நிமிஷத்தில் ஒரு கோல் போட, வேறோர் ஊரில் ஷால்கே அணியினர் பட்டம் தங்களுக்கே என்று கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். அப்பொழுது கோலுக்கு மிக அருகில் பயர்னுக்கு ஒரு ஃப்ரீகிக் கிடைத்தது. எஃபன்பெர்க் பந்தைத் தட்டிவிட, மனிதச் சுவரின் இடைவெளியில் அதைப் புகுத்திப் பட்டத்தை மீட்டவர், அந்தக் கழகத்துக்காக லீகில் அதற்கு முன்பும் பின்பும் ஒரு கோலும் போடாத பாட்ரிக். அன்றைய வேனிற்காலத்திலேயே பார்சிலோனா அவரைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு போயிற்று.